அந்தக் குரல் பதிவில் ஊர்ப் பெயர் இல்லை

"நர்சம்மா, இந்த ஊசி போட்டா பின்னாடி கொழந்த பொறக்காதாமே?"

திருவண்ணாமலை மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராக நான் வேலை பார்த்த காலம் முழுக்க இந்தக் கேள்வி என்னைத் தொடர்ந்து வந்தது. போலியோ சொட்டு மருந்துக்குக் கேட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குப் போடும் டெட்டனஸ் ஊசிக்கும் கேட்டார்கள். உட்கார்ந்து பதில் சொன்னால் சமாதானம் ஆகிவிடுவார்கள். 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ருபெல்லா ஊசி வந்தபோதுதான் முதன்முதலாக யாரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை. காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போனால் பாதி வகுப்பு காலி. பெற்றோரின் போனில் ஒரு பெண்ணின் குரல் ஓடிக்கொண்டிருந்தது. அழுதுகொண்டே பேசினாள். ஊசி போட்ட பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது, யாரும் பள்ளிக்கு அனுப்பாதீர்கள் என்றாள்.

அந்தப் பதிவை நான் கடைசிவரை கேட்டேன். பேசுகிறவர் யார் என்று இல்லை. எந்தப் பள்ளி, பிள்ளைக்கு என்ன வயது, எந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள் என்று இல்லை. "பக்கத்து மாவட்டத்துல" என்ற ஒரு சொல் மட்டும் இருந்தது. கடலூரிலும் தேனியிலும் வேலை பார்த்த தோழிகளிடம் விசாரித்தேன். அவர்களுக்கும் அதே பதிவு வந்திருந்தது. அங்கேயும் அது பக்கத்து மாவட்டத்தில்தான் நடந்திருந்தது.

படிக்காத ஜனங்கள், சொன்னால் புரியாது என்று கூட்டங்களில் சிலர் அலுத்துக்கொண்டார்கள். இதை நான் அப்போதும் ஒப்புக்கொள்ளவில்லை, இப்போதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். என் பகுதியில் முதலில் மறுத்தவர்கள், பிள்ளைகளைத் தனியார் ஆங்கிலப் பள்ளியில் சேர்த்திருந்தவர்கள். நெல் அறுக்கப் போகிற, நூறு நாள் வேலைக்குப் போகிற தாய்மார்கள் கொஞ்சம் தயங்கினாலும் பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அவர்களில் பலரைக் கர்ப்பகாலம் முழுக்க வீடு தேடிப் போய்ப் பார்த்தவள் நான். அவர்களுக்கு என்னைத் தெரியும். தனியார் பள்ளிப் பெற்றோருக்கு என்னைத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தச் சில மாதங்கள் எப்படி இருந்தன என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 2016 நவம்பர் 8-ம் தேதி இரவோடு இரவாகப் பழைய நோட்டு செல்லாது என்றார்கள். 75 நாள் ஆஸ்பத்திரியில் இருந்த முதலமைச்சர் டிசம்பர் 5-ம் தேதி இறந்தார். அத்தனை நாளில் அவருடைய ஒரு புகைப்படத்தைக்கூட மக்கள் பார்க்கவில்லை. ஒரு வாரத்தில் வர்தா புயல். வடகிழக்குப் பருவமழை பொய்த்து, ஏரிகள் காய்ந்து கிடந்தன. ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டம். நாட்டு மாட்டை அழிக்க வெளிநாட்டுச் சதி என்ற பேச்சு அப்போது எல்லா போனிலும் இருந்தது. பிப்ரவரி 6-ம் தேதி ஊசி முகாம் தொடங்கியது. மறுநாள் இரவு மெரினாவில் அப்போதைய முதல்வரே தலைவியின் நினைவிடத்தில் போய் அமர்ந்தார். யார் ஆள்கிறார்கள், யார் சொல்வது உண்மை என்று யாருக்கும் தெரியாத அந்த வாரத்தில்தான், ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரையிலான ஒன்றே முக்கால் கோடிப் பிள்ளைகளுக்கு ஊசி போட வேண்டும் என்று நாங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினோம். மாட்டைப் பற்றிப் பேசிய அதே வாட்ஸ்அப் குழுக்கள் ஊசியைப் பற்றியும் பேசத் தொடங்கின.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய குணம் இல்லை. 2008-ல் அமெரிக்காவில் ஜெனிஃபர் விட்சன், ஆடம் கலின்ஸ்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். எதுவும் தங்கள் கையில் இல்லை என்ற உணர்வைச் சிலருக்கு உண்டாக்கிவிட்டு, வெறும் புள்ளிகள் சிதறிய படங்களைக் காட்டினார்கள். அவர்கள் இல்லாத உருவங்களை அதிகமாகக் கண்டார்கள். கைப்பிடி நழுவும்போது மனசு தானாகவே ஓர் ஒழுங்கைத் தேடுகிறது. நடப்பதற்கெல்லாம் ஒருவன் பின்னால் இருக்கிறான் என்பதும் ஓர் ஒழுங்குதான். அது பயங்கரமானதாக இருக்கலாம். ஆனால் எதற்குமே காரணம் இல்லை என்பதைவிட அதைத் தாங்கிக்கொள்வது சுலபம்.

நான் படித்ததில் என்னை அதிகமாக யோசிக்க வைத்தது இன்னும் பழைய ஆய்வு, நம் நாட்டிலேயே நடந்தது. 1934 ஜனவரி 15-ம் தேதி பீகாரில் பெரிய பூகம்பம் வந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு கிளம்பிய வதந்திகளைப் பாட்னாவைச் சேர்ந்த ஜமுனா பிரசாத் என்ற உளவியலாளர் சேகரித்தார். கிரகணத்தன்று இதைவிடப் பெரிய பூகம்பம் வரும், நேபாள எல்லையிலிருந்து வெள்ளம் பாய்ந்து வருகிறது, பிப்ரவரியில் பிரளயம் என்றெல்லாம் ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். இதில் ஒரு விசித்திரம் இருந்தது. இந்த வதந்திகள் பரவிய இடங்களில் பூமி பலமாக அதிர்ந்ததே தவிர வீடு இடியவில்லை, ஆள் சாகவில்லை. தப்பித்தோம் என்று நிம்மதி அடைய வேண்டியவர்கள், இன்னும் பெரிய ஆபத்து வரப்போகிறது என்று ஏன் பேச வேண்டும்?

இருபது வருடத்துக்கு மேல் கழித்து அமெரிக்க உளவியலாளர் லியான் ஃபெஸ்டிங்கர் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார். பூமி ஆடியபோது உடம்புக்குள் புகுந்த பயம் அப்படியே இருக்கிறது. கண்ணெதிரே பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. இந்த இரண்டும் ஒட்டவில்லை. பயத்தைப் போக்க முடியாதபோது, பயத்துக்குப் பொருத்தமான ஒரு செய்தியை மனசு வரவேற்கிறது என்றார். 1950-ல் டார்ஜிலிங்கில் நிலச்சரிவு நடந்தபோது துர்கானந்த் சின்ஹா அங்கே போய்ப் பார்த்தார். கண்ணால் அழிவைக் கண்டவர்களிடம் அப்படிப்பட்ட பிரளய வதந்திகள் கிளம்பவில்லை. அவர்கள் பயத்துக்கு வேண்டிய காரணம் எதிரிலேயே கிடந்தது.

பயம் முன்னால் வருகிறது, கதை பின்னால் வருகிறது. எங்கள் துறையில் பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். வாட்ஸ்அப் செய்தி வந்ததால் தாய் பயந்தாள் என்று நினைத்து, செய்தி பொய் என்று நிரூபிக்கப் பார்க்கிறார்கள். நல்லா இருக்கிற பிள்ளையின் கையில் ஊசி குத்தவைக்கும்போது எந்தத் தாய்க்கும் அடிவயிற்றில் ஒரு பயம் இருக்கும். நான் என் மகளுக்குப் போட்டபோது எனக்கும் இருந்தது. அந்தப் பயத்தைப் பற்றி அவளிடம் யாரும் பேசவில்லை. குரல் பதிவு பேசியது.

ஓர் ஆசிரியரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தனியார் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவர். நல்ல மனிதர், பிள்ளைகளுக்கு இலவசமாக மாலை வகுப்பு எடுப்பார். 2017-ல் தன் இரண்டாவது மகனுக்கு ஊசி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தது மட்டுமில்லாமல், மற்ற பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு வந்தார். கையில் ஒரு ஃபைல். "சிஸ்டர், நீங்க சொல்றத நீங்களே நம்பலாம். உங்களுக்கு மேல இருக்கிறவங்க உண்மையச் சொல்ல மாட்டாங்க" என்றார்.

ஃபைலில் இருந்ததில் முக்கியமானது, ஊசியால் ஆட்டிசம் வரும் என்பது. அதன் வேர் எங்கே என்று எனக்குத் தெரியும். 1998-ல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற இங்கிலாந்து மருத்துவர், 12 குழந்தைகளை மட்டும் வைத்து லான்செட் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். தடுப்பூசி நிறுவனங்கள் மேல் வழக்குப் போடத் தயாராகிக்கொண்டிருந்த வழக்கறிஞரிடம் அவர் பணம் வாங்கியிருந்ததைப் பத்திரிகையாளர் பிரையன் டீர் வெளியே கொண்டுவந்தார். 2010-ல் லான்செட் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது, அதே ஆண்டு அவருடைய மருத்துவப் பதிவும் நீக்கப்பட்டது. பின்னாளில் 2019-ல் டென்மார்க்கில் ஆறரை லட்சம் குழந்தைகளின் பதிவுகளைப் பார்த்து, ஊசி போட்டவர்களுக்கு ஆட்டிசம் கூடுதலாக வரவில்லை என்று வெளியிட்டார்கள்.

நான் வேக்ஃபீல்டின் கதையை அவரிடம் சொன்னேன். அவர் கேட்கவில்லை. அவரையும் கம்பெனிக்காரன் பழிவாங்கிவிட்டான் என்றார். அதற்கு மேல் வாதம் செய்வதில் பயன் இல்லை என்று தெரிந்தது. ஒரு சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி காபி கொடுத்தார். உள்ளே மூத்த பையன் உட்கார்ந்திருந்தான். எட்டு வயது, பேச்சு வரவில்லை, கையை ஆட்டிக்கொண்டே இருந்தான். ஒன்றரை வயதில் நான்கைந்து வார்த்தை பேசிக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டான் என்று அம்மா சொன்னார். பெரிய ஊரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். வரிசையில் காத்திருந்து உள்ளே போனபோது, "இது இப்படித்தான், காரணம் எல்லாம் சொல்ல முடியாது, பயிற்சி குடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஏன் என் பிள்ளைக்கு என்ற கேள்வியோடு அந்த மனிதர் ஆறரை வருடம் இரவில் உட்கார்ந்திருக்கிறார். கடைசியில் ஒரு பதில் கிடைத்திருக்கிறது. அந்தப் பதிலை நான் ஒரு மதிய வேளையில் வந்து பிடுங்கப் பார்த்திருக்கிறேன்.

ஆட்டிசத்தின் அறிகுறிகள் பலருக்கு ஒன்றரை வயதை ஒட்டித்தான் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். அதே வயதில்தான் ஊசியும் வருகிறது. இரண்டும் அடுத்தடுத்து நடந்தால், ஒன்றால் மற்றது வந்தது என்று தோன்றுவது இயல்பு. வேட்டையாடித் திரிந்த காலத்திலிருந்து மனித மூளை அப்படிக் கோத்துப் பார்த்தே பிழைத்து வந்திருக்கிறது. அந்த ஆசிரியர் படித்தவர் என்பது அவருக்கு உதவவில்லை. தான் நம்பியதற்குச் சாதகமாகக் கட்டுரை தேடவும், ஃபைல் போடவும், மற்றவர்களுக்கு விளக்கவும் அந்தப் படிப்பு உதவியது. அவர் கடைசிவரை சம்மதிக்கவில்லை. சின்னவனுக்குக் காய்ச்சல் என்றால் இன்றைக்கும் எனக்குத்தான் போன் செய்கிறார்.

அவர் ஃபைலில் ஒரு தாளில் ஊசி வெறும் தண்ணீர், ஏமாற்று வியாபாரம் என்று இருந்தது. அடுத்த தாளில் ஒரு தலைமுறையையே மலடாக்கும் வீரியம் உள்ளது என்று இருந்தது. இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது என்பது அவருக்கு உறுத்தவில்லை. இங்கிலாந்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் 2012-ல் இதையே பார்த்திருக்கிறார்கள். இளவரசி டயானாவைக் கொன்றுவிட்டார்கள் என்று நம்ப முற்பட்டவர்கள், அவர் சாகவே இல்லை, எங்கோ ஒளிந்திருக்கிறார் என்பதையும் நம்ப முற்பட்டார்கள். மேலே இருப்பவர்கள் மறைக்கிறார்கள் என்பது மட்டும் உறுதி. எதை மறைக்கிறார்கள் என்பது அப்புறம்.

2021-ல் நடிகர் விவேக் விஷயத்தில் வேறொரு பக்கத்தைப் பார்த்தேன். ஏப்ரல் 15-ம் தேதி சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டு, மற்றவர்களும் போட்டுக்கொள்ளச் சொன்னார். மறுநாள் மாரடைப்பு. 17-ம் தேதி அதிகாலையில் இறந்தார். அதற்கு அடுத்த வாரம் எங்கள் முகாமில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. தடுப்பூசிக்கும் அந்த மரணத்துக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் ஆய்வுக் குழு சொன்னபோது அக்டோபர் ஆகிவிட்டது. ஆறு மாதம் ஒரு கேள்வியைக் காலியாக விட்டால் அங்கே யாராவது வந்து குடியேறத்தான் செய்வார்கள்.

"அவ்ளோ மரம் நட்ட மனுஷன், சும்மா செத்துடுவாரா?" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். அந்தக் கேள்வியில் துக்கம் இருந்தது. பெரிய இழப்புக்குப் பெரிய காரணம் வேண்டும் என்று மனசு கேட்கிறது. கென்னடியைத் தனி ஆள் ஒருவன் சுட்டான் என்பதை அமெரிக்கர்களில் பெரும்பாலோர் பல பத்தாண்டுகளாக ஏற்காததும் இதனால்தான். தினமும் லட்சக்கணக்கானவர்களுக்கு ஊசி போடும்போது, ஊசியே இல்லாவிட்டாலும் மறுநாள் மாரடைப்பு வரவிருந்தவர்கள் அதில் சிலர் இருப்பார்கள். கணக்கு அதுதான். ஆனால் துக்கத்தில் இருக்கிறவரிடம் கணக்கைச் சொல்லி ஆறுதல் கொடுக்க முடியாது. அவரிடம் நான் விவேக்கைப் பற்றித்தான் கொஞ்ச நேரம் பேசினேன்.

மூடநம்பிக்கை எல்லாம் ஒரே ரகம் என்று சேர்த்துத் திட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எங்கள் பக்கத்தில் மணல்வாரி என்கிற தட்டம்மை போட்டால் அம்மா வந்திருக்கிறாள் என்பார்கள். வாசலில் வேப்பிலை செருகுவார்கள், வெளியாட்கள் உள்ளே வர மாட்டார்கள், தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை பிள்ளையை வெளியே விட மாட்டார்கள். தொற்று நோய்க்கு நான் சொல்லக்கூடிய தனிமைப்படுத்தலை அம்மன் பெயரில் அவர்களே செய்கிறார்கள். மருந்து கொடுக்க மாட்டோம் என்னும்போதுதான் சண்டை போடுவேன். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் பிள்ளை கருப்பாகப் பிறக்கும் என்பதோடு என் வேலைக்காலம் முழுக்க மல்லுக்கட்டியிருக்கிறேன். ஆனால் இவற்றில் எதிரி என்று ஒருவன் இல்லை. மாரியம்மனை நம்பியதால் யாரும் அடுத்த ஊர்க்காரனைச் சந்தேகப்பட்டதில்லை. சதிக்கதைக்கு எதிரி வேண்டும். அது எப்போது வேண்டுமானாலும் ஒரு முகத்தைத் தேடிப் பிடித்துக்கொள்ளும்.

2018 மே மாதம் எங்கள் மாவட்டத்திலேயே, போளூர் பக்கம் அத்திமூரில் அது நடந்தது. குலதெய்வக் கோயிலுக்காக காரில் வந்த ஒரு குடும்பம் வழி கேட்டது. அதில் 65 வயது அம்மா ஒருவர் அங்கே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று கூட்டம் கூடி அடித்தது. அந்த அம்மா இறந்துவிட்டார். அந்தச் சமயத்தில் நாடு முழுக்கச் சுற்றிய வீடியோ ஒன்றில், பைக்கில் வந்த இரண்டு பேர் தெருவில் விளையாடும் பையனைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக எடுத்த படம். பையனைத் திருப்பி இறக்கிவிட்டு, அறிவிப்பு அட்டையைக் காட்டும் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். அதன் பிறகுதான் ஜூலையில் ஒரு செய்தியை ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அடித்தவர்கள் குடும்பங்களிலும் நான் ஊசி போட்ட பிள்ளைகளைப் போன்ற பிள்ளைகள்தான் இருந்திருப்பார்கள். பிள்ளைகள் மேல் வைத்த பாசமே அந்தக் கூட்டத்தைக் கூட்டியது என்பதை என்னால் மறக்க முடியவில்லை.

சந்தேகப்படுகிறவர்கள் எல்லோரும் ஒன்றுமில்லாததைக் கண்டு பயப்படுகிறார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. மலடாக்கும் ஊசி என்ற பேச்சுக்கு இந்த நாட்டில் ஒரு வரலாறு இருக்கிறது. அவசரநிலைக் காலத்தில் 1976–77 ஆண்டில் மட்டும் 80 லட்சம் பேருக்கு மேல் கருத்தடை அறுவை செய்தார்கள். பல மாநிலங்களில் ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் இத்தனை ஆள் கொண்டுவர வேண்டும் என்று கணக்கு இருந்தது. 2011-ல் பின்லேடனைத் தேடி பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் அமெரிக்க உளவுத்துறை போலி மஞ்சள்காமாலைத் தடுப்பூசி முகாம் நடத்தியது உண்மை. அதன் பின்விளைவைப் போலியோ ஊழியர்கள் அனுபவித்தார்கள். 2009-ல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் பள்ளிச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டார்கள். அங்கும் குஜராத்திலுமாக ஏழு சிறுமிகள் இறந்ததும் 2010-ல் திட்டம் நிறுத்தப்பட்டது. அந்த மரணங்களுக்கு ஊசி காரணமில்லை என்று விசாரணை சொன்னது. ஆனால் விடுதிப் பிள்ளைகளுக்குப் பெற்றோரைக் கேட்காமல் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நாடாளுமன்றக் குழு 2013-ல் அதைக் கடுமையாகக் கண்டித்தது. ஊசி நல்ல ஊசி. கேட்காமல் போட்டது தவறு. ஒரு தாய்க்கு இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க என்ன வழி?

2017-ல் முகாமை மார்ச் வரை நீட்டித்தார்கள். அந்தக் கூடுதல் நாட்களில்தான் எனக்கு வேலை நடந்தது. மைக் வைத்துப் பேசுவதை விட்டுவிட்டு, தாய்மார்களோடு உட்கார்ந்து அந்தக் குரல் பதிவை அவர்கள் போனிலேயே போடச் சொன்னேன். இது எந்த ஊர், அந்தப் பிள்ளை பேர் என்ன என்று கேட்டேன். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். "பேரே சொல்லலயே" என்று அவர்களே சொன்னார்கள். அடுத்து, ஊசி போட்டால் என்னென்ன ஆகும் என்று நானே சொன்னேன். சிலருக்குக் காய்ச்சல் வரும், சிலருக்கு ஒரு வாரம் கழித்து உடம்பில் லேசாகத் தடிப்பு வரும். காலையில் சாப்பிடாமல் வந்த பெண்பிள்ளைகள் பயத்தில் மயங்கி விழலாம், ஒருத்தி விழுந்தால் பார்க்கிற நாலு பேர் விழுவார்கள், அதைப் படம் எடுத்து அனுப்புவார்கள், நம்பாதீர்கள் என்றேன். அரை மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்துத்தான் அனுப்புவேன் என்று சொல்லி, என் போன் நம்பரைத் தடுப்பூசி அட்டையின் பின்னால் எழுதிக் கொடுத்தேன். ராத்திரி காய்ச்சல் வந்தபோது நர்சம்மா சொன்னதுதானே என்று இருந்துவிட்டார்கள். ஆபத்தே கிடையாது என்று மைக்கில் சொன்ன ஊர்களில், அதே காய்ச்சல் மறுநாள் புதிய குரல் பதிவாகக் கிளம்பியது.

இப்போது கருப்பைவாய்ப் புற்றுநோய் ஊசியைப் பற்றிப் பேச்சு வருகிறது. இளம் செவிலியர்கள் என்னைக் கூப்பிட்டு, "யக்கா, கொழந்த பொறக்காதுன்னு இப்பவே ஆரம்பிச்சிட்டாங்க" என்கிறார்கள். முகாமுக்கு ஒரு மாதம் முன்பே தாய்மார்களை நேரில் பார்த்துச் சம்மதம் கேளுங்கள், கேள்விக்குப் பதில் சொல்லுங்கள் என்று அவர்களிடம் சொல்கிறேன். ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு 5,000 பேர் என்பது கணக்கு. அந்த ஒரு செவிலியரின் பொழுது பதிவேடு எழுதவும் கணினியில் ஏற்றவும் போய்விடுகிறது. அந்த எழுத்து வேலைக்குத் தனியாக ஓர் ஆளைப் போட்டால், வாரத்தில் இரண்டு நாளாவது அவள் வீடு வீடாகப் போய் உட்கார்ந்து பேச முடியும்.